ஓட்டுத் துண்டைக் காப்பாற்றிய கொத்தனார் ஐயாவுக்கு நன்றி

பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள் ஐயா. புதுச்சேரி வைசியாள் வீதியில், இடித்த வீட்டுக் குப்பையில் கிடந்த மங்களூர் ஓட்டின் மேல் ஒட்டிய அழுக்கைப் போக்க ஆசிட் ஊற்றப் போன எங்களைத் தடுத்தீர்களே, அதற்கு மனமார்ந்த நன்றி.

ஆசிட் சுண்ணாம்பைக் கரைத்து, ஓட்டின் துளைகளில் உப்பை விட்டுவிடும். கடற்காற்று ஊரில் உப்பு ஏற்கெனவே அதிகம். காயும்போது அது பூத்து மேல்தோலைத் தள்ள, ஓட்டில் பதிந்த ஆலை முத்திரையின் எழுத்து பொரிந்து உதிரும். வாளியில் நல்ல தண்ணீர், தினமும் மாற்றி நான்கு நாள், மெதுவான பழைய டூத் பிரஷ், பிறகு நிழலில் உலர்த்தல். இது போதும்.

கழுவுமுன் ஓரத்தில் ஒட்டியிருப்பது சுண்ணாம்புக் காரையா, சிமெண்டா என்று குறித்துக்கொள்ளச் சொன்னதுதான் பெரிய பாடம். சிமெண்ட் என்றால் பின்னால் ஒருமுறை கூரையைத் தொட்டிருக்கிறார்கள்; கழுவினால் அந்தச் சாட்சி போய்விடும்.

முத்திரை பெரும்பாலும் அடிப்பக்கம்தான். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும். மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்தும் எடுக்கலாம். பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் கிறிஸ்தவ மறைபணி அமைப்பு) பெயர் தெரிந்தால் ஓடு 1865-க்குப் பிந்தியது. மங்களூரில் அவர்கள் ஓட்டாலை தொடங்கியது அப்போதுதான். ஆனால் வீட்டின் வயது அதுவல்ல. பழைய ஓடு கூரைவிட்டுக் கூரை மாறும்.

அந்த ஓடு பத்திரமாக இருக்கிறது ஐயா. அந்தப் பக்கம் வந்தால் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.