நம்ம தரங்கம்பாடி வண்டி

அன்புள்ள சேகருக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மூட்டுவலி பழையபடி. உன் மணிவிழாவுக்குத் திருக்கடையூரில் மண்டபம் பார்த்துவிட்டேன். மாடி ரூம் எட்டு, ஜெனரேட்டர் உண்டு, அட்வான்ஸ் நாளைக்கே அனுப்பு. அந்த விஷயம் அவ்வளவுதான்.

இப்போது வேறு ஒன்று. சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பேரளம்–காரைக்கால் ரயில் பாதையைத் திரும்பப் போட்டுவிட்டார்கள், தெரியுமா? 1898இல் பிரெஞ்சுக்காரன் காசில் வந்து, எண்பதுகளில் மூடிய 23 கிலோமீட்டர். 2025இல் அகலப்பாதையில் இன்ஜினை ஓட்டியும் பார்த்தாயிற்று. சந்தோஷம்தான், ஆனால் வயிறு எரிகிறது. நம்ம மாயவரம் (இப்போது மயிலாடுதுறை)–தரங்கம்பாடி வண்டி மட்டும் என்ன பாவம் செய்தது?

"அது வண்டியா? உன் ஓட்டை சைக்கிள் அதை முந்தும்" என்பாய். முந்தும்தான். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று 30 கிலோமீட்டர் போய்ச் சேருவதற்குள் நம்ம செட் 'ஒட்டடைக்குச்சி' எல்லோருடைய டீக்காசையும் சீட்டாட்டத்தில் பிடுங்கியிருப்பான். ஆனால் அந்த வண்டி இல்லையென்றால் நம்ம செட்டில் பாதிப்பேர் ஏ.வி.சி. கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டார்கள், நீ உள்பட.

மண்டபத்துக்காரர் சாவி எடுக்கப் போன நேரத்தில் பழைய ரயிலடிப் பக்கம் நடந்தேன். மேடு இருக்கிறது, தண்டவாளம் இல்லை. சீமைக்கருவை மூடிக்கிடக்கிறது. வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் இரண்டு கரையிலும் செங்கல் கட்டுமானம் அப்படியே நிற்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், காரை பெயரவில்லை. அதன் மேல் யாரோ வரிசையாக வறட்டி தட்டி வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே பைத்தியம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரன் வளர்த்த துறைமுகம் தரங்கம்பாடி. 1845இல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டுக் கிளம்பினான். அதற்கப்புறமும் 1860 வரை தஞ்சாவூர் கலெக்டர் உட்கார்ந்திருந்தது தரங்கம்பாடியில்தான். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டார்கள். சரக்கெல்லாம் நாகைக்குப் போய்விட்டது. அந்த ஊரைப் படுக்கப்போட்டதே ரயில்தான்டா! காந்தி 1915இல் தில்லையாடிக்கு வந்தபோதுகூட இந்தப் பக்கம் தண்டவாளம் கிடையாது. கப்பல் நின்றுபோன துறைமுகத்துக்கு 1926இல் ரயிலைக் கொண்டுவந்து விட்டார்கள். எதை ஏற்றுவது? மீன்கூடையும் நம்மைப் போன்ற பாஸ் பையன்களும்தான். 1986இல் வருமானமில்லை என்று இழுத்து மூடினார்கள்.

கணக்குப் போட்டுப் பார். 60 வருஷம். உன் வயசு. அதற்கு மட்டும் மணிவிழா நடத்த ஆளில்லை.

விளையாட்டை விடு. நஷ்டம் வந்தது வாஸ்தவம். முட்டுச்சந்தில் கடை வைத்தால் யார் வருவார்கள்? தரங்கம்பாடியோடு நிற்காமல் காரைக்கால் வரை கொஞ்சம் தூரம் நீட்டியிருந்தால் கதையே வேறு. காரைக்காலிலிருந்து நாகூருக்கு 2011இலேயே வண்டி வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச தூரத்தை இணைத்தால் மாயவரத்தில் ஏறுகிறவன் கடலோரமாகவே நாகை வரை போகலாம். ஊர்க்காரர்கள் இதைத்தான் வருஷக்கணக்காகக் கேட்கிறார்கள். மேட்டில் வீடுகள் வந்துவிட்டன, நிலம் எடுப்பது லேசில்லை என்று என் மருமகன் சட்டம் பேசுகிறான். பேசட்டும். அவன் கார் வைத்திருக்கிறான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் தொங்குகிறவளிடம் போய்ப் பேசச் சொல்.

உன் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய டைம்டேபிள் ஒன்று இருந்ததே? எலி மிச்சம் வைத்திருந்தால் வரும்போது எடுத்து வா. ஊரில் இந்த ரயில் கேட்டு மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார்கள், போட்டேன். உனக்கும் நானே போட்டுவிட்டேன். பரீட்சை அட்டெண்டன்ஸில் போட்டுப் பழகிய கைதானே. ஆட்சேபணை இருந்தால் அட்வான்ஸோடு சேர்த்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
ராஜு