முதலில் பழம், பிறகு பொடி: ஓவனில் வேகாத குளிர் இனிப்பு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் எங்கள் கடையில் கேட்கப்படும் பொருள்களே மாறிவிடுகின்றன. கேக் மாவும் ஈஸ்ட்டும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கடற்பாசி (சைனா கிராஸ்), ஜெலட்டின், கிரீம், கன்டென்ஸ்டு மில்க் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். கூடவே ஒரு புகாரும் வருகிறது: "ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தும் உறையவே இல்லை. ஜெலட்டின் பொடி பழசா?" என்ன பழம் போட்டீர்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் அன்னாசி என்ற பதில்தான். சில சமயம் கிவி, சில சமயம் பப்பாளி. பொடியில் குறை இல்லை. அந்தப் பழத்துக்கும் அந்தப் பொடிக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான். கல்லாவில் நின்றபடி இதை முழுதாகச் சொல்லி முடிக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் இந்த மடல்.

ஓவனில் வேகும் பண்டங்களில் மாவும் முட்டையும் சூட்டில் இறுகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். குளிர வைத்துச் செய்யும் இனிப்பில் அந்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அதைச் செய்பவை முக்கியமாக மூன்று: கடற்பாசி, ஜெலட்டின், வெண்ணெயிலும் கிரீமிலும் உள்ள கொழுப்பு. எதை எடுப்பது என்பதை உங்கள் கையில் இருக்கும் பழம் தீர்மானிக்கட்டும். நாங்கள் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். பொடியை வாங்கி வைத்துக்கொண்டு பழத்தைத் தேடாதீர்கள். பழத்தை முடிவு செய்துவிட்டுப் பொடிக்கு வாருங்கள்.

ஜெலட்டின் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கப்படும் புரதம். சைவம் மட்டும் உண்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதால்தான் அதைத் தனி அலமாரியில் வைத்திருக்கிறோம். பொட்டலத்தில் ஆயத்தமாக வரும் ஜெல்லிப் பொடிகளில் சிலவற்றிலும் ஜெலட்டின் உண்டு, சிலவற்றில் கடற்பாசி வகைகள் உண்டு. பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படித்துவிட்டு எடுங்கள்.

அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. பப்பாளியில் பப்பைன், காயில் அதிகம், பழுத்த பிறகும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். கிவியிலும் அத்திப்பழத்திலும் இஞ்சியிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உள்ளன. இவை எல்லாமே புரதத்தை வெட்டித் துண்டாக்குபவை. ஜெலட்டின் உறைவது எப்படி என்றால், அதன் நீண்ட புரத இழைகள் குளிர்ந்ததும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நடுவில் தண்ணீரைச் சிறைப்பிடிக்கின்றன. இழைகளை நொதி நறுக்கிவிட்டால் பின்னுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இன்னும் ஒரு பொட்டலம் பொடி சேர்த்தாலும், இன்னும் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் பலன் இல்லை. உறைநிலைப் பெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்து எடுத்த அன்னாசியும் இப்படித்தான், ஏனென்றால் குளிர் இந்த நொதியைத் தூங்க வைக்குமே தவிர அழிக்காது. சூடுதான் அழிக்கும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பதால் ஜெலட்டினோடு சண்டை போடாது. புதுப் பழம்தான் வேண்டும் என்றால் துண்டுகளைச் சர்க்கரையோடு வாணலியில் போட்டு, நன்றாகக் கொதி வந்த பிறகு 5 நிமிடம் மிதமான தீயில் விட்டு இறக்கி ஆறவையுங்கள்.

கடற்பாசிக்கு இந்தத் தொல்லை கிடையாது. சைனா கிராஸ், அகர் அகர் என்று நீங்கள் கேட்பதும் இதைத்தான். செம்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் இது புரதம் அல்ல, மாவுச்சத்து இனத்தைச் சேர்ந்தது. அன்னாசி அதை எதுவும் செய்யாது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. பாலோ கிரீமோ சேரும் இனிப்பில் சூடாக்காத அன்னாசியையோ கிவியையோ போட்டால், கடற்பாசி ஒழுங்காக உறைந்தாலும் சில மணி நேரத்தில் கசப்பு ஏறும். பாலிலும் புரதம் உண்டே; நொதி அதை வெட்டும்போது பிறக்கும் துணுக்குகள் கசக்கும். பழம் புளித்துவிட்டது, கிரீம் கெட்டுவிட்டது என்றெல்லாம் பலர் நினைப்பது இந்தக் கசப்பைத்தான். ஆகவே பால் சேர்ந்தால் எந்தப் பொடியாக இருந்தாலும் இந்தப் பழங்களைக் கொதிக்கவிட்டே சேருங்கள். மாம்பழம், ஸ்ட்ராபெரி, திராட்சை, மாதுளை, ஆரஞ்சு ஆகியவற்றுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கோடைக்கு எது நல்லது என்று கேட்டால், கடற்பாசி என்று தயங்காமல் சொல்வோம். அது சுமார் 85 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் மறுபடி உருகும். 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதுமே உறையத் தொடங்கிவிடும், அறை வெப்பத்திலேயே. ஜெலட்டின் அப்படி இல்லை. உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே அது இளகும். வாயில் போட்டதும் கரைகிற அந்த மென்மை அதனால்தான் கிடைக்கிறது. வெயில் நேரத்தில் மேசையில் கொஞ்ச நேரம் இருந்தாலே ஓரம் கசியத் தொடங்குவதும் அதனால்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு பரிமாறி முடித்துவிடுவீர்கள் என்றால் ஜெலட்டின் அருமையாக இருக்கும். விருந்துக்குச் செய்து, எல்லோரும் வந்து சேரும்வரை வெளியில் நிற்கும் என்றால் வேண்டாம்.

இனி செய்முறைக்கு வருகிறோம். நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது பிஸ்கட் அடித்தளம், நடுவில் பால் அடுக்கு, மேலே பழ அடுக்கு கொண்ட ஒன்று. 20 சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடித் தட்டு ஒன்றுக்கு அளவு சொல்கிறோம்.

அடித்தளம் எளிது. 200 கிராம் சாதா பிஸ்கட்டை மிக்ஸியில் பொடித்து, 100 கிராம் வெண்ணெயை உருக்கி ஊற்றிப் பிசறி, தட்டில் பரப்பி, தட்டையான கிண்ணத்தின் அடியால் அழுத்திவிடுங்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தால் வெண்ணெய் இறுகிவிடும். உள்ளே கிரீம் வைத்த பிஸ்கட் வேண்டாம்.

பால் அடுக்குக்கு 150 மில்லி தண்ணீரில் 6 கிராம் கடற்பாசிப் பொடியைத் தூவிக் கலக்கி, 5 நிமிடம் ஊறவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். 6 கிராம் என்பது தலைதட்டிய மூன்று டீஸ்பூன் அளவு வரும். தராசு இருந்தால் அதையே நம்புங்கள். கொதி வந்த பிறகு 2, 3 நிமிடமாவது கிண்டிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். பலர் கொதி வந்ததுமே இறக்கிவிடுகிறார்கள். கரண்டியைத் தூக்கி அதன் முதுகைப் பாருங்கள்: ரவை போல் சின்னச் சின்னப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் இன்னும் கரையவில்லை, கண்ணாடி போல் வழுக்கி ஓடினால் கரைந்துவிட்டது. பொடிக்குப் பதில் இழைக் கடற்பாசி வாங்கியவர்கள் அரை மணி நேரம் ஊறவைத்து, அது முழுக்கக் கரையும்வரை கொதிக்கவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். இழை வகைக்கு வகை உறையவைக்கும் வலு மாறும் என்பதால் அளவை அந்தப் பொட்டலத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

இதற்கிடையே 400 மில்லி பாலையும் 200 கிராம் கன்டென்ஸ்டு மில்க்கையும் வேறு பாத்திரத்தில் ஒன்றாகச் சூடாக்கி வைத்திருக்க வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலைக் கடற்பாசியில் ஊற்றினால், பட்ட இடத்திலேயே அது உறைந்து நூல் நூலாகத் திரிந்துபோகும். பார்க்கப் பால் திரிந்ததுபோல் இருக்கும், ஆனால் திரிவது கடற்பாசி. அப்படி ஆகிவிட்டால் கொட்டிவிடாதீர்கள். மறுபடி கொதிக்கும்வரை சூடாக்கினால் கரைந்து சரியாகிவிடும். சூடான பாலைக் கலந்த பிறகு, அறை வெப்பத்தில் வைத்திருந்த 200 மில்லி கிரீமையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்துக் கிண்டி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை அவ்வப்போது கலக்கிக்கொண்டே ஆறவிடுங்கள். இந்த முறைக்கு எந்தக் கிரீமும் சரி. அடித்து நுரைக்க வைக்கத் தேவையில்லை என்பதால் கொழுப்பு குறைந்ததும் போதும்.

கலவையை நேராகப் பிஸ்கட் மேல் கொட்டினால் குழி விழும், பிஸ்கட் துகள் மேலே மிதந்து வரும். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் மெல்ல ஊற்றுங்கள்.

அடுத்ததாக எப்போது பழ அடுக்கை ஊற்றுவது என்ற கேள்வி. கீழ் அடுக்கு நன்றாகச் சில்லிட்டு இறுகியபின் ஊற்றினால், வெட்டும்போது மேல் அடுக்கு வழுக்கித் தனியே கழன்று வந்துவிடும். கீழ் அடுக்கைத் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, ஆனால் தட்டை அசைத்தால் லேசாக நடுங்க வேண்டும்; அந்தப் பதம்தான் நேரம். தவறவிட்டுவிட்டால் முள்கரண்டியால் மேற்பரப்பில் இலேசாகக் கோடு இழுத்துவிட்டு ஊற்றுங்கள், பிடித்துக்கொள்ளும்.

பழ அடுக்குக்கு 400 மில்லி பழ விழுது, 100 மில்லி தண்ணீர், 3 கிராம் கடற்பாசிப் பொடி. தண்ணீரில் பொடியைக் கொதிக்கவைத்துக் கரைத்துவிட்டு, வெதுவெதுப்பாக்கிய விழுதை அடுப்பை அணைத்த பிறகே சேருங்கள். புளிப்பான பழத்துக்கு இது மிக முக்கியம். எலுமிச்சை, ஆரஞ்சு, பேஷன் ஃப்ரூட் போன்றவற்றின் புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கடற்பாசி உறையவைக்கும் வலுவை இழக்கும். சாறு அதிகம் உள்ள, மிகவும் புளிக்கிற பழமானால் பொடியை 4 கிராம் ஆக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரையைச் சுவைத்துப் பார்த்துப் போடும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: குளிர்ந்த பண்டத்தில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். வெதுவெதுப்பாக இருக்கும்போது இனிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் ஃப்ரிட்ஜிலிருந்து வந்ததும் சரியாக இருக்கும். ஏற்கெனவே தேனாக இனிக்கும் மாம்பழத்துக்கு அந்தத் தூக்கலும் வேண்டாம், சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் மணம் எழுந்து நிற்கும்.

துண்டுப் பழம் போட விரும்பினால் பரிமாறும் அன்று நறுக்கி, வடிகட்டியில் போட்டு நீரை இறக்கி, துணியால் ஒற்றிவிட்டு மேலே அடுக்குங்கள். முன்கூட்டியே சர்க்கரை தூவி வைத்தால் பழம் நீர் விட்டுக்கொண்டே இருக்கும், அந்த நீர் அடுக்குகளுக்கிடையே தேங்கும். ஆப்பிள், வாழைப்பழத் துண்டுகளில் எலுமிச்சைச் சாறு தடவினால் கறுப்பது தள்ளிப்போகும்.

மேசைக்கு வந்ததும் பரிமாறுபவர்களுக்காக ஜெலட்டின் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 10 கிராம் பொடியை 60 மில்லி குளிர்ந்த தண்ணீரில் தூவி 10 நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீரைப் பொடிமேல் ஊற்றாதீர்கள், கட்டி தட்டும். கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து உருக்குங்கள், கொதிக்கவிட வேண்டாம். அதில் முதலில் இரண்டு கரண்டி பழ விழுதைக் கலந்து, பிறகு அந்தக் கலவையை மொத்தம் 500 மில்லி விழுதில் சேர்த்து, அது கெட்டிப்படத் தொடங்கும்போது 300 மில்லி அடித்த கிரீமை மெல்ல மடித்துச் சேர்த்து, குறைந்தது 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இங்கே மட்டும் கிரீமில் கவனம் வேண்டும். பால் கிரீம் நுரைத்து நிற்க 30 சதவீதத்துக்குக் குறையாத கொழுப்பு தேவை. 35 இருந்தால் இன்னும் நிம்மதி. 25 சதவீதக் கிரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் அது நிற்காது. கிரீம், கிண்ணம், பீட்டர் மூன்றும் சில்லென்று இருக்கட்டும். பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளையும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். அதைத் தாண்டினால் வெண்ணெயாகப் பிரியும், அங்கிருந்து திரும்ப வழியில்லை. பால் சேராத விப்பிங் கிரீம் வாங்கினால் அதில் பெரும்பாலும் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும்; விழுதில் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொடியே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. கன்டென்ஸ்டு மில்க்கில் எலுமிச்சைச் சாற்றைக் கலந்தால் பாலின் புரதம் புளிப்பில் இறுகித் தானாகவே கெட்டியாகும். அதோடு அடித்த கிரீமைச் சேர்த்துக் குளிரவைத்தால் கத்தியால் வெட்ட வராது, ஆனால் கண்ணாடிக் குவளையில் பழத்தோடு அடுக்கி ஸ்பூனால் சாப்பிட வெகு நன்றாக இருக்கும். சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய இதைவிடச் சுலபமானது இல்லை, சூடான பாத்திரம் பக்கமே போக வேண்டாம்.

எந்த முறையானாலும் சீக்கிரம் உறையட்டும் என்று உறைநிலைப் பெட்டியில் வைக்காதீர்கள். கடற்பாசி உறைபனியாகிப் பின் இளகும்போது பிடித்துவைத்த தண்ணீரை எல்லாம் விட்டுவிடும். தட்டில் நீரும் சக்கையும்தான் மிஞ்சும். ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குள், மூடி போட்டு வைத்தால் இரண்டு நாள் சுவை குறையாமல் இருக்கும். வெளியே எடுத்தால் 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அறை 32 டிகிரியைத் தாண்டிச் சுடுகிறது என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. கடற்பாசி அப்போதும் குலையாமல் நிற்கும் என்பதால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது பாலும் கிரீமும். வடிவத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கடிகாரத்தைப் பாருங்கள்.

கடைக்கு வரும்போது என்ன பழம், எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் வெளியே இருக்கும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். பொடியும் அளவும் நாங்கள் எடுத்துத் தருகிறோம். கிரீம் வாங்குவதாக இருந்தால் மற்ற வேலைகளை முடித்துவிட்டுக் கடைசியாக எங்களிடம் வாருங்கள், ஒரு குளிர்பையும் கொண்டுவாருங்கள். வெயிலில் ஒருமுறை இளகிய கிரீம் வீட்டில் எவ்வளவு குளிரவைத்தாலும் முன்போல் நுரைக்காது.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்