எலியின் தலைக்குள் ஜிபிஎஸ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார அறிவியல் பக்கத்தில் ‘விலங்குகளின் மூளையில் பிறவியிலேயே ஜிபிஎஸ் இருக்கிறது’ என்ற வரியைப் படித்து மனம் நொந்தேன். ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞையை வாங்கிக் கணக்குப் போடுகிறது. எலிக்கு அப்படி யாரும் எதையும் அனுப்புவதில்லை. சுவர், வெளிச்சம், வாசனை, தான் வைத்த அடி, திரும்பிய கோணம் இவற்றை வைத்துத்தான் அது இடம் அறிகிறது. தாங்கள் அறியாததல்ல.

எலியின் மூளையில், தலை ஒரு குறிப்பிட்ட பக்கம் நோக்கியிருக்கும்போது மட்டும் துடிக்கும் ‘திசை செல்’களையே எடுத்துக்கொள்ளுங்கள். 76 செ.மீ. விட்டத்தில் சாம்பல் நிற உருளைத் தொட்டி, உள்சுவரில் ஒரு வெள்ளை அட்டை, சுற்றிலும் திரை. எலி பார்க்காதபோது அட்டையை 90 டிகிரி தள்ளி ஒட்டினால், செல்களின் திசையும் ஏறக்குறைய அவ்வளவே திரும்புகிறது. தரைக் காகிதத்தை மாற்ற மறந்தால் எலி தன் பழைய வாசனையைப் பிடித்துக்கொள்ளும், சோதனை கெட்டது. ஆனால், பழக்கும் நாட்களிலெல்லாம் எலியைச் சுழற்றித் திசை குழப்பியே உள்ளே விட்டால், அட்டைக்கு அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. எலியின் கணக்கில் அட்டை ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் இருக்கிறது. இடம் மாறும் அடையாளத்தை மூளை நம்ப மறுக்கிறது. 1995இல் வெளியான முடிவு இது. இவ்வளவையும் ‘பிறவி’ என்ற ஒரே சொல்லில் மூடிவிடலாமா?

இது முதல் தடவையும் அல்ல. மூளை இடம் அறியும் விதத்தைக் கண்டறிந்ததற்கான 2014 நோபல் பரிசைப் பற்றி எழுதியபோது ஜான் ஓ’கீஃப், எட்வர்ட் மோசர் பெயர்கள் வந்தன, மே-பிரிட் மோசர் பெயர் விடுபட்டது. சஹாரா எறும்பு ‘மோப்பம் பிடித்து’ வீடு திரும்புவதாகவும் எழுதினீர்கள். கொதிக்கும் மணலில் மோப்பத் தடம் எப்படி நிற்கும்? அது திசையை வானத்து ஒளியிலிருந்தும் தூரத்தை அடிக்கணக்கிலிருந்தும் எடுக்கிறது. 2006 ஆய்வில், 10 மீட்டர் நடந்து இரை எடுத்த எறும்புகளின் கால்களில் பன்றிமயிரை ஒட்டி நீட்டினார்கள். அதே எண்ணிக்கையில் அடிவைத்து, கூடு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, இரை எடுத்த இடத்திலிருந்து ஏறக்குறைய 15 மீட்டரில் நின்று தேடின. கால் குட்டையாக்கப்பட்டவை 6 மீட்டருக்குள்ளேயே தேடத் தொடங்கின.

பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள், ஐயா. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அந்தப் பக்கத்துப் படத்தில் சிறுமூளையைக் காட்டும் அம்புக்குறியை, இடம் அறிய உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் பக்கம் திருப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர், மதுரை