சீட்டென்றால் சூதாட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீட்டாட்டம் என்றாலே சூது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். எங்கள் தோட்டத்திலும் அந்தப் பேச்சு உண்டு. சம்பள நாளில் பணம் தொலைத்தவர்களைப் பார்த்த பயம். சரி, இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து மூளையைக் கசக்கி ஆடும் பிரிட்ஜ் சீட்டாட்டத்தையும் அதில் சேர்ப்பதா?

1904இல் ஹார்பினில் பிறந்து லண்டனில் வாழ்ந்த எஸ்.ஜே. சைமன், பிரிட்ஜில் எத்தனை பிடிகளை வெல்வோம் என்று முன்கூட்டியே ஏலம் கேட்பதற்கான ‘ஏக்கோல்’ முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். எழுத்தாளர் காரல் பிராம்ஸுடன் சேர்ந்து நகைச்சுவை நாவல்களும் எழுதினார். பாலே மேடையில் கொலை நடக்கும் கதைகூட உண்டு! 1945இல் வந்த சைமனின் பிரிட்ஜ் நூல், நாம் ஏன் தோற்கிறோம் என்று ஆராய்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியின் திறமையை மறந்து, உச்சத்துக்கே ஆசைப்படுகிறோமாம். நம் சங்கக் கூட்டங்களுக்கும் பொருந்தும்.

2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். தமிழ்ப்பள்ளிகளில் சதுரங்கத்துக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு மேசை போடலாமே.

தோட்ட வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்