சுவரில் இருக்கிறவர்களுக்கு ஒரு மதியம் கொடுங்கள்

செட்டிநாட்டுக்கு போட்டோ ஒர்க்‌ஷாப் நடத்த வருகிற ஆசிரியர்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும்,

வணக்கம். இந்தக் கோடையில் சித்திரை கடைசியிலிருந்து வைகாசி முடியும்வரை உங்களில் மூன்று பேரிடம் உதவியாளனாக வேலை பார்த்தேன். ட்ரைபாட் தூக்கினேன், பேட்டரி சார்ஜ் போட்டேன், ராத்திரி உட்கார்ந்து எல்லாருடைய மெமரி கார்டையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன், கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் பள்ளத்தூருக்கும் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னேன். ஊர் காரைக்குடி. அப்பா இருபது வருடத்துக்கு மேலாக இங்கே ஒரு கடையில் படங்களுக்கு பிரேம் போடும் வேலை பார்த்தவர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவர் பேச்சு வரும்.

சம்பளத்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ எழுத வரவில்லை, அதிலெல்லாம் எனக்குக் குறை இல்லை. நீங்கள் படம் எடுக்கிற வீடுகளின் சுவரில் தொங்குகிற பழைய போட்டோக்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். கற்றுக்கொண்டதும் நிறைய. வளவுக்குள், அதாவது வீட்டுக்கு நடுவில் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் இருக்கிற பகுதிக்குள், காலையில் எப்போது வெயில் இறங்கும், முற்றத்துத் தரையில் விழுந்த வெளிச்சம் எப்படி எகிறிப் போய் மேலே தேக்கு உத்தரத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும், அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு மணி நேரம் கேமராவைத் தொடாமல் எப்படி உட்கார்ந்திருப்பது என்பதையெல்லாம் உங்களிடம்தான் படித்தேன். அதே வீடுகளைச் சின்ன வயதிலிருந்து வெளியே நின்று பார்த்தவன் நான். உள்ளே போய்ப் பார்க்க வைத்தது உங்கள் ஒர்க்‌ஷாப். அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் இதை நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

மே மாதம் நடந்தது இது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெரிய வீடு, பங்காளிகள் பதினான்கு பேருக்குப் பாத்தியப்பட்டது, அங்கே குடியிருப்பது எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஆச்சி மட்டும். வளவைச் சுற்றி அறைக் கதவுகளுக்கு மேலே வரிசையாகப் பழைய போட்டோக்கள், முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, ஆணியில் கயிறு கட்டித் தொங்குகிற மாதிரி. தூண் வரிசையை எடுக்கும்போது அந்தப் படங்கள் கண்ணை இழுக்கின்றன, இறக்கி வைத்துவிடுங்கள் என்று ஆசிரியர் சொன்னார். ஆச்சியிடம் கேட்டோம், "பாத்து எறக்குங்க தம்பி" என்றார்கள். ஸ்டூல் போட்டு ஏறி ஒன்பது படங்களை இறக்கியவன் நான். எங்கே வைப்பது என்று யோசிக்காமல் முற்றத்து ஓரத்தில் தூண்களில் சாத்தி வைத்தேன்.

நாலு மணிக்குக் காற்றோடு கோடை மழை பிடித்துக்கொண்டது. முற்றம் வானம் பார்த்தது, சாரல் எவ்வளவு தூரம் உள்ளே அடிக்கும் என்று இந்த ஊர்க்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாரும் கேமராவையும் லென்ஸ் பையையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். நானும் முதலில் மூடியது கேமராவைத்தான். அப்புறம்தான் படங்கள் ஞாபகம் வந்தது. இரண்டு பிரேமுக்குள் தண்ணீர் போய்விட்டது. மறுநாள் காலை நல்லெண்ணத்தில் இன்னொரு தப்பு செய்தோம், இரண்டையும் வெயிலில் காயவைத்தோம்.

ஒன்று தேறிவிட்டது. இன்னொன்று ஆச்சியின் அய்யா (தாத்தா), அப்பத்தா இரண்டு பேரும் இருந்த படம். நாற்காலியில் அப்பத்தா உட்கார்ந்திருக்க, நாற்காலி முதுகில் கை வைத்து அய்யா நிற்பார், பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாடிப்படி. ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனபோது அங்கே ஸ்டுடியோவில் எடுத்து ஊருக்கு அனுப்பியது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்து, அதற்கடுத்த மாதங்களில் கையில் கிடைத்ததோடு ஜனங்கள் கிளம்பி வந்த கதை இங்கே பல வீடுகளில் உண்டு. அந்த வீட்டில் அங்கிருந்து மிஞ்சியது முன்பே தபாலில் வந்துவிட்ட இந்தப் படம் ஒன்றுதான். அதில் அய்யாவின் முகம் இருந்த பக்கம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். பின்பக்கத்து அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரிக்கவே கூடாது என்றார். அந்தக் காலத்துப் படங்களில் காகிதத்தின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும், உருவம் இருப்பது அந்தப் பூச்சுக்குள்தான். அது நனைந்தால் பசை மாதிரி இளகும், கண்ணாடியில் பட்டுக் காய்ந்தால் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் உருவம் கண்ணாடியோடு போய்விடும், வெறும் காகிதம்தான் கையில் வரும். ஈரமாக இருந்த அன்றைக்கே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் கண்ணாடியோடு சேர்த்துப் போட்டிருந்தால் தானாகப் பிரிந்திருக்க வாய்ப்பு உண்டு, வெயிலில் வைத்ததுதான் கெடுத்தது என்றார். அதே ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் முன்னால் ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற இடத்தில் கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, அப்புறம் கண்ணாடியை அலுங்காமல் எடுப்பதை நாங்கள் நூற்றுக்கணக்கில் படம் எடுத்திருந்தோம். கல்லின் அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது என்று குறிப்புகூட எழுதிக்கொண்டோம்.

ஆச்சி எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "படத்த வேற யாரும் படம் புடிச்சு வச்சிருக்கீகளா தம்பி?" என்று மட்டும் கேட்டார்கள்.

யாரும் வைத்திருக்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டுக்குள் பதினோரு கேமராக்கள் இருந்தன. மூன்று நாளில் எடுத்தது எனக்குக் கணக்காகத் தெரியும், நான்தான் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன், 9,000க்கு மேல் படங்கள். தூண், கதவு, முற்றம், திண்ணையில் உட்காரவைத்த ஆச்சி, ஆச்சியின் கை, ஆச்சியின் காது. கதவுக்கு மேலிருந்தவர்கள் சட்டத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டு வந்திருந்தார்கள். அந்த 9,000ஐயும் இரண்டு ராத்திரி தேடினேன். அய்யாவின் முகம் ஒரே ஒரு படத்தில், ஃபோகஸ் இல்லாமல், கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் அடித்து, நகத்தளவுக்கு இருந்தது. அதைத்தான் பெரிதாக்கிக் கொடுத்தேன். வாங்கி வெகுநேரம் பார்த்தார்கள்.

நான் கேட்பது இதுதான். செட்டிநாட்டில் நீங்கள் நடத்துகிற ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பிலும் ஒரு மதியத்தை, தங்குகிற அல்லது படம் எடுக்கிற வீட்டின் சுவரில் இருக்கிற பழைய படங்களை நகல் எடுக்க ஒதுக்குங்கள்.

மதியம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மே மாதத்தில் ஒன்பதரை, பத்துக்கு மேல் வெளியே வெளிச்சம் ஆகாது, நாலு மணிவரை யாரும் கேமராவை எடுப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் லேப்டாப்பில் கலர் திருத்துகிறார்கள். நகல் எடுக்கிற வேலைக்கு வெளி வெளிச்சமே வேண்டாம், ஜன்னலையெல்லாம் சாத்தினால்தான் நல்லது. கருவிகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு விளக்கை இரண்டு பக்கமும் 45 டிகிரியில் வைத்தால் கண்ணாடிப் பிரதிபலிப்பு பெரும்பாலும் போய்விடும். கேமராவுக்கு முன்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்து, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டால் கேமராவும் நாமும் கண்ணாடியில் தெரிய மாட்டோம். படத்தை இறக்கவே வேண்டாம், தயவுசெய்து இறக்காதீர்கள். சாய்ந்து தொங்குகிற படத்துக்கு நேர் எப்படிப் பிடிப்பது என்றால், படத்தின் கண்ணாடி மேல் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிப் பிடியுங்கள், அதில் உங்கள் லென்ஸ் நட்டநடுவில் தெரிகிறவரை ட்ரைபாடைத் திருப்புங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல், இரண்டு விநாடி டைமர், ஓரத்தில் நிறம் சரிபார்க்க ஒரு கிரே கார்டு. உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் அந்த வீட்டில் நின்று யோசிக்காமல் போனோமே என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பா ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். வேறு காரணத்துக்காக ஒரு படம் ஏற்கெனவே கீழே வந்திருந்தால் அதன் முதுகையும் எடுங்கள். பெயர், தேதி, ஸ்டுடியோ முத்திரை, பிரேம் போட்ட கடையின் சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும், கரையானும் இராமபாணப் பூச்சியும் முதலில் தின்பதும் அந்தப் பக்கத்தைத்தான். படத்தின் ஓரத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளிப் பாத்திரம் மாதிரி மினுங்கினால் படத்துக்குள் இருக்கிற வெள்ளி மேலே ஏறி வருகிறது என்று அர்த்தம். துணியால் துடைத்துவிடாதீர்கள்.

அடுத்து முக்கியமான வேலை, கேமரா இல்லாமல் செய்ய வேண்டியது. வீட்டில் இருக்கிற பெரியவரை உட்காரவைத்து, இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். எந்த ஊர்ப் பெண், எந்தக் கோயில், யார் வீட்டுக்குத் தத்துப் பிள்ளையாகப் போனவர் என்று அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள், நீங்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும். வீட்டு விலாசத்தை, அதாவது குடும்பத்தின் முதலெழுத்துகளை, ஃபைல் பெயரில் போடுங்கள், இங்கே குடும்பங்களைக் கண்டுபிடிப்பது அந்த எழுத்துகளை வைத்துத்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பிரேமோடு அடுக்கி வைத்திருக்கிற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், உங்களில் சிலர் வாங்கியும் இருக்கிறீர்கள். பெயர் தெரியாத கல்யாணங்கள், பெயர் தெரியாத குழந்தைகள். வீடு இடிக்கும்போது யாரும் சொல்லி வைக்காததால் அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

இதையெல்லாம் ஆராய்ச்சி நிறுவனங்கள் செய்யாதா என்று ஒருவர் கேட்டார். செய்திருக்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை நகலெடுத்திருக்கிறார்கள். ஆனால் செட்டிநாட்டில் மட்டும் எழுபதுக்கு மேல் ஊர்கள், ஆயிரக்கணக்கில் வீடுகள், அவற்றில் பல கல்யாணத்துக்கும், படைப்பு என்கிற முன்னோர் வழிபாட்டுக்கும் மட்டும் திறக்கிறவை. பூட்டைத் திறந்து உள்ளே போகிற வாய்ப்பு வருடம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கிறது. கட்டடங்களைப் பற்றி நிறைய வேலை நடந்திருக்கிறது, 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலுக்கும் இந்த ஊர்கள் போயின. அந்த வீடுகளைக் கட்டியவர்களின் முகங்கள் மட்டும் ஆணியில் தொங்குகின்றன. இங்கே பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் தனி ஆளாகப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று சேர்த்து வைத்தார். அவர் காலமான பின் அந்தச் சேகரிப்பிலிருந்து 1994இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமே உருவானது. அவர் சேர்க்கும்போது அது நோட்டீஸ்தானே என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்.

பணம் கட்டி வருகிறவர்கள் நகல் எடுக்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். மூன்றாவது ஒர்க்‌ஷாப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மதியம் ஒரு மணி நேரம் கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டேன், கொடுத்தார். விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள் என்றதில் நான்கு பேர் வந்தார்கள். பதினான்கு படங்கள் எடுத்தோம். அதில் ஒருவர், காலையில் முற்றத்தை ஐந்தே நிமிடத்தில் எடுத்துவிட்டு உட்கார்ந்தவர், ஒரே ஒரு படத்தோடு நாற்பது நிமிடம் போராடினார். நேர்க்கோடும் சீரான வெளிச்சமும் எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்றார். சாயங்காலம் ஷூட்டிங்குக்கு வேன் கிளம்பியபோது அவர் ஏறவில்லை, அந்த வீட்டுப் பெரியவர் இன்னும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சில படங்களை வெளியாள் பார்ப்பதே பிடிக்காது, அது அவர்கள் உரிமை. எடுத்ததை உங்கள் பக்கங்களில் போடாதீர்கள், போட வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள். கிளம்பும் முன் ஒரு பென்டிரைவ் வீட்டில், ஒரு பிரதி வெளியூரில் இருக்கிற ஒரு பங்காளியிடம், பெரியவர் கையில் காகிதத்தில் போட்ட பிரிண்ட். எண்பது வயது ஆச்சிக்குப் பென்டிரைவ் எதற்கு.

ஆச்சி வீட்டுச் சுவரில் இன்னும் இருபத்தாறு படங்கள் இருக்கின்றன. இதுவரை ஏழு எடுத்திருக்கிறேன், என்னிடம் இருப்பது ஒரு விளக்கும் நண்பனிடம் இரவல் வாங்கிய லென்ஸும்தான். மார்கழி, தை சீசனுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் மீதி பத்தொன்பதையும் சேர்ந்தே எடுத்துவிடலாம். கறுப்புத் துணியும் கண்ணாடியும் நான் கொண்டு வருகிறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் வாருங்கள், ஆச்சி மதியம் தூங்குவதில்லை.