பழைய கிரில் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். வெபர் சம்மிட் எஸ்-470 என்ற கேஸ் கிரில், கேட்கும் விலை 400 டாலர். வாங்கலாம். ஆனால் சனிக்கிழமை பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடு. நேபர்வில்லில் நம் வீட்டு டெக்கில், அந்த மரத்தளத்தில் நிற்பதும் இதே மாடல்தான். அதைக் கழற்றிப் பூட்டி நான் கற்றுக்கொண்டதை ஃபோனில் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

மூடியின் உட்பக்கம் கறுப்பாக உரிந்து தொங்குவதைப் பார்த்துப் பயந்திருக்கிறாய். அது பெயின்ட் இல்லை. கொழுப்பும் புகையும் படிந்து படிந்து கரியானது. பிளாஸ்டிக் சுரண்டியால் தேய்த்தால் வந்துவிடும். பர்னருக்கு மேலே கூரை மாதிரி கவிழ்ந்திருக்கும் தகடுகள் அரித்துப் போயிருந்தாலும் கவலைப்படாதே. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளத்தான் அவை, தனியாகவே கிடைக்கும். நீ பார்க்க வேண்டியது அடிப்பகுதியை. சக்கரங்களுக்கு மேலே அலமாரியின் தரையை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார். உள்ளே இறங்கினால் திரும்பி வந்துவிடு, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது சிலிண்டரில் ஓடுவதா, வீட்டுக் குழாய் கேஸில் ஓடுவதா? சிலிண்டரில் இருக்கும் புரொபேன் கேஸ் அதிக அழுத்தத்தில் வரும், அதனால் பர்னருக்குள் கேஸ் விடும் துளை சிறியதாக இருக்கும். குழாய் கேஸுக்குத் துளை பெரிது. குழாய் கேஸுக்குச் செய்த கிரில்லில் சிலிண்டரை மாட்டினால் தீ கட்டுக்கடங்காமல் பெரிதாக எழும். நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

"சூடு ஏற மாட்டேன் என்கிறது" என்று விற்பவர் எழுதியிருக்கிறார் அல்லவா? எனக்கு அதில்தான் நம்பிக்கை, சுலபமாகச் சரியாகிற கோளாறாக இருக்கலாம். சிலிண்டரை வேகமாகத் திறந்தால், எங்கோ கசிகிறது என்று நினைத்துப் பாதுகாப்பு அமைப்பு கேஸைக் குறைத்துவிடும். தீ மெழுகுவர்த்தி அளவுக்குத்தான் எரியும். பர்னர்களின் எல்லாத் திருகிகளையும் சிலிண்டரையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, சில நிமிடம் விட்டு மறுபடி மாட்டி, மெல்ல மெல்லத் திற. பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

அப்புறம், பர்னர். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் கிரில்லை வாங்கி வந்ததும் நான் வெளியே பளபளவென்று தேய்த்து முடித்துவிட்டு நேராகப் பற்றவைத்தேன். மூன்று பர்னர்களில் நீலத் தீ. நான்காவதில் மஞ்சளாக, சோம்பலாக ஒரு தீ. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருகிகளுக்குப் பின்னால், பலகைக்கு அடியில் நெருப்பு தெரிந்தது. உடனே சிலிண்டரை மூடினேன், கை நடுக்கம் நிற்க நேரமானது. கழற்றிப் பார்த்தால் அந்தக் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது, கட்டைவிரல் நுனி அளவுதான். கேஸ் முன்னால் போக வழியில்லாமல் பின்பக்கமாக வந்து பற்றியிருக்கிறது. குளிர்காலம் முழுவதும் மூடிக் கிடந்த கிரில்களில் இது சாதாரணமாக நடக்கிறது. அதனால் நீ வாங்கியதும் நான்கையும் கழற்று. நீளமான பிரஷ் விட்டுக் குழாயைச் சுத்தம் செய். தீத்துளைகளைக் குறுக்காகத் தேய், நீளவாக்கில் தேய்த்தால் அழுக்கு அடுத்த துளைக்குள் போய் உட்காரும். துரு தின்று இரண்டு துளைகள் ஒன்றாகியிருந்தால் அந்த பர்னரை மாற்றிவிடு.

பூட்டியதும் சோப்புத் தண்ணீர். ஊரில் பாட்டி வீட்டுக்கு சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாரே, அதே வேலைதான். திருகிகள் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டரை மட்டும் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவு. குமிழி வந்தால் அன்றைக்குச் சமையல் கிடையாது. பழைய ரப்பர் குழாயை எப்படியும் புதிதாக மாற்று. இதில் சிக்கனம் பார்க்காதே.

கறி வைத்துச் சுடும் கம்பிகள் நல்ல கனம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சோப்பு கலந்த வெந்நீரில் ஓரிரவு ஊறப்போட்டால் போதும். கம்பி முள் வைத்த பிரஷ் மட்டும் வேண்டவே வேண்டாம், தம்பி. அந்த முள் உதிர்ந்து கறியோடு வயிற்றுக்குள் போய்விடுகிறது. ராட் ஐலண்ட் மாநிலத்தில் அப்படி 6 பேர் மருத்துவமனைக்குப் போனதை அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே 2012இல் அறிக்கையாக வெளியிட்டது. நான் மரச் சுரண்டிதான் வைத்திருக்கிறேன்.

பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும். புரொபேன் காற்றைவிடக் கனம், மூடிய பெட்டிக்குள் கீழே தேங்கி நிற்கும். ஒரு தடவையில் பற்றாவிட்டால் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறு. வெளியே பனி என்று கராஜுக்குள் இழுத்துப்போய்ச் சமைக்காதே.

இவ்வளவு செய்து நான் முதலில் சுட்டது எண்ணெய் தடவிய ஒரு கத்தரிக்காய். தோல் முழுக்கக் கருகி, உள்ளே வெண்ணெயாகக் குழைந்து வந்தது. அப்பா சட்னிக்குக்கூட விட்டுவைக்கவில்லை, உப்பு மட்டும் போட்டு நின்றபடியே சாப்பிட்டார்.

சனிக்கிழமை ஃபோனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கம்பியைத் தூக்கி பர்னர்களையும், கீழே அலமாரித் தரையையும் படம் எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொன்ன பிறகு பணம் கொடு.

அன்புடன்,
அம்மா