கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்க்குக் கேமராவுடன் வருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒளிப்பட அன்பர்களுக்கு, காரைக்குடியிலிருந்து வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் இந்தக் கண்மாயையும் உள்ளடக்கிய வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைப் பற்றி உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நானும் பல ஆண்டுகளாக அங்கே படம் எடுக்க வருகிறவன்தான். அந்த உரிமையில் கேட்கிறேன்: கூடு கட்டும் காலத்தில் பறவைகளைக் கிளப்பிவிட்டுப் படம் எடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சென்ற ஞாயிறு, வெயில் ஏறிய நேரத்தில், நான்கு பேர் கரையை விட்டிறங்கிக் கருவேல மரங்களை நெருங்கி, பறக்கிற படம் வேண்டுமென்று கைதட்டினார்கள். பறவைகள் அசையாததால் ஒருவர் கல்லெடுத்து எறிந்தார். நத்தைக்குத்தி நாரைகள் மொத்தமாக எழுந்தன. கூட்டில் நிற்கும் நாரை சும்மா நிற்பதில்லை என்பதும், இறகு முளைக்காத குஞ்சுகளின் மேல் வெயில் படாமல் இறக்கையை விரித்து நிழல் கொடுக்கிறது என்பதும், இத்தனை பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாதா? குஞ்சுகள் வெயிலில் வாயைத் திறந்தபடி கிடந்ததையும், பக்கத்துக் கூட்டிலிருந்து ஒரு காகம் முட்டையைக் கவ்விச் சென்றதையும் என் லென்ஸ் வழியாகப் பார்த்தேன். படம் எடுக்க மனம் வரவில்லை.

இந்தப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஏழு வயதுக் குழந்தை விட்டுக்கொடுப்பதை, வெளியூரிலிருந்து காரில் வந்து இரண்டு மணி நேரம் நிற்கிற நம்மால் விட்டுக்கொடுக்க முடியவில்லை என்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. அப்படியிருக்க, படத்தைப் பகிரும்போது குவிகிற பாராட்டுகளுக்கு நடுவே, எப்படி எடுத்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. போட்டிக்குப் படம் தேர்வு செய்பவர்களாவது கேட்கக் கூடாதா?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பறக்கிற படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாரைகள் சுள்ளி தூக்கி வருவதும், வயலில் நத்தை தேடித் தின்றுவிட்டுக் குஞ்சுக்கு ஊட்டத் திரும்புவதும் நாள் முழுக்க நடக்கின்றன. சாயங்காலம் கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டங்கூட்டமாக அடைய வருகின்றன. ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்காக வைத்துக் கரையிலேயே காத்திருந்தால் போதும். குஞ்சுகள் பறக்கப் பழகும் வரையாவது கரையை விட்டு இறங்காதீர்கள், கைதட்டாதீர்கள், கல்லைத் தொடாதீர்கள் என்று மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்